நாகர்கோவில்காரர்கள் மூவரும் ஒரு கிரையோஜெனிக் இன்ஜினும்

கேள்வி இதுதான். நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சியில் 'நம் மாவட்டத்து ராக்கெட் விஞ்ஞானிகள்' என்று ஒரு மேசை போடுகிறார்கள். நம்பி நாராயணன், கே. சிவன், வி. நாராயணன் ஆகியோருக்கு ஆளுக்கொரு அட்டை. பெயர், ஊர், படிப்பு எல்லாம் நிரப்பியாயிற்று. 'கண்டுபிடிப்பு' என்ற கட்டத்தில் மூவருக்குமே 'கிரையோஜெனிக் இன்ஜினைக் கண்டுபிடித்தவர்' என்று எழுதலாமா என்று அவர்களின் ஆசிரியர் கேட்கிறார்.

எழுத வேண்டாம். அப்படி எழுதினால் மூன்று அட்டையும் தப்பாகிவிடும். திரவ ஹைட்ரஜனை எரிக்கும் இன்ஜின் 1963லேயே அமெரிக்காவின் சென்டார் என்ற ராக்கெட் அடுக்கில் பறந்துவிட்டது. நம்மவர்கள் செய்தது வேறு வேலை. யாரும் சொல்லித்தர மாட்டேன் என்ற ஒரு இயந்திரத்தை, அது எங்கெங்கே கெடும் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கெடாமல் ஓட வைத்தார்கள். அதிலும் மூவரின் பங்கும் மூன்று வகை. இன்ஜின் எங்கே மக்கர் பண்ணும் என்று தெரிந்தால் யார் என்ன செய்தார்கள் என்பது தானாக விளங்கிவிடும். அதனால் முதலில் இன்ஜின்.

ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியசில் திரவமாகும், ஹைட்ரஜன் மைனஸ் 253ல். இப்படிக் கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களை எரிப்பதுதான் கிரையோஜெனிக் இன்ஜின். இந்த இரண்டையும் எரித்தால் ஒரு கிலோ எரிபொருளிலிருந்து கிடைக்கும் தள்ளுவிசை மற்ற வகைகளைவிட மிக அதிகம். அதை அளக்கும் எண்ணுக்கு 'ஒப்பு உந்துவிசை' என்று பெயர், அலகு நொடி. இஸ்ரோவின் சாதாரணத் திரவ இன்ஜினான விகாசுக்கு வெற்றிடத்தில் இது சுமார் 293. ஜிஎஸ்எல்வி ராக்கெட்டின் கிரையோஜெனிக் இன்ஜினுக்கு 454. தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைப் பூமத்தியரேகைக்கு மேலே 36,000 கி.மீ. உயரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் மேல் அடுக்கில் இந்த வித்தியாசம்தான் சுமையைத் தீர்மானிக்கிறது.

இங்கே பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழை உண்டு. 'எரிபொருள் திரவ ஆக்சிஜன்' என்று எழுதிவிடுவார்கள். எரிபொருள் ஹைட்ரஜன், அதை எரிக்கத் துணை நிற்பது ஆக்சிஜன். விண்வெளியில் காற்று கிடையாது என்பதால் அதையும் கூடவே சுமந்துபோக வேண்டியிருக்கிறது.

ஹைட்ரஜனின் தொல்லை அதன் எடையிலிருந்தே தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1,000 கிலோ. அதே அளவு திரவ ஹைட்ரஜன் வெறும் 71 கிலோ. எல்விஎம்3 ராக்கெட்டின் சி25 என்ற கிரையோஜெனிக் மேல் அடுக்கில் ஏறக்குறைய 28 டன் நிரப்புகிறார்கள். ஒரு பங்கு ஹைட்ரஜனுக்கு ஐந்து பங்குக்குச் சற்று அதிகமான ஆக்சிஜன் என்ற கணக்கில் ஹைட்ரஜன் நாலரை டன் சொச்சம், மீதி இருபத்து மூன்றரை டன் போல ஆக்சிஜன். ஆனால் இடத்தைப் பார்த்தால் தலைகீழ். ஹைட்ரஜனுக்குச் சுமார் 65 கன மீட்டர் வேண்டும், ஆக்சிஜனுக்கு 20 போதும். எடையில் ஆறில் ஒன்றுதான், தொட்டியோ மூன்று மடங்கு.

அடுத்த தொல்லை, குளிரில் உலோகம் சுருங்குவது. அறை வெப்பத்திலிருந்து திரவ ஹைட்ரஜன் குளிருக்கு இறக்கினால் அலுமினியம் நீளத்தில் சுமார் 0.4 சதவீதம் சுருங்கும். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் அது 16 மில்லிமீட்டர். எஃகு வேறு அளவு சுருங்கும், டைட்டானியம் இன்னும் குறைவாகச் சுருங்கும். சுழலும் தண்டு ஒரு உலோகம், அதைச் சுற்றிய கூடு வேறு உலோகம் என்றால், மேசை மேல் வைத்து அளந்தபோது சரியாக இருந்த இடைவெளி குளிரில் சரியாக இருக்காது. இடைவெளி அதிகமானால் கசியும், குறைந்தால் பிடித்துக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், 2010க்கு வரும்போது தேவைப்படும்.

மூன்றாவது, குழாய்க்குள் எது மிச்சம் இருந்தாலும் அது உறைந்துவிடும். தண்ணீர் ஆவியைச் சொல்லவே வேண்டாம். காற்றிலுள்ள நைட்ரஜன் மைனஸ் 210லும், ஆக்சிஜன் மைனஸ் 219 அளவிலும் கட்டியாகிவிடும். மைனஸ் 253ல் காற்றே மணல் மாதிரி. அதனால் ஹைட்ரஜன் போகும் வழியை முதலில் ஹீலியம் வாயுவால் ஊதிச் சுத்தம் செய்கிறார்கள். மைனஸ் 269 வரை அது வாயுவாகவே இருக்கும் என்பதால்தான் ஹீலியம். பிறகு குழாய், பம்பு, வால்வு எல்லாவற்றையும் பையப் பையக் குளிர்விக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக விட்டால் சூடான உலோகத்தில் பட்டு ஹைட்ரஜன் கொதித்து வாயுவாகும், பம்புக்குள் திரவத்துக்குப் பதில் குமிழிதான் போகும்.

கிணற்று மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் தெரியாத ஆள் இல்லை. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் ஓடும் டர்போ பம்புக்கு அதே கதி வந்தால் ஃபுட்வால்வில் தண்ணீர் ஊற்றிச் சரிசெய்ய ஆள் போக முடியாது. ஆகவே பெரிய பம்புக்கு முன்னால் ஒரு சின்ன பம்பை ஹைட்ரஜன் தொட்டிக்குள்ளேயே வைத்தார்கள். அதன் பெயர் எரிபொருள் பூஸ்டர் டர்போ பம்பு. திரவத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பெரிய பம்புக்கு ஊட்டிவிடுவது அதன் வேலை. இந்தியாவின் சொந்த கிரையோஜெனிக் அடுக்கு தோற்ற இரண்டு ஜிஎஸ்எல்வி பயணங்களிலும் தகராறு வந்து நின்ற இடம் இந்தச் சின்ன பம்புதான்.

இனி ஆட்களுக்கு வருவோம்.

நம்பி நாராயணன் 1941ல் நாகர்கோவிலில் பிறந்தவர். திருவனந்தபுரம் பக்கம் தும்பா ராக்கெட் தளத்தில் வேலைக்குச் சேர்ந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ராக்கெட் உந்துவிசை படித்துத் திரும்பினார். திட எரிபொருளே போதும் என்று பலர் நினைத்த நாளில் திரவ இன்ஜின் வேண்டும் என்று நின்றவர். 1974ல் பிரான்சோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. வைக்கிங் இன்ஜின் நுட்பத்தை அவர்கள் தருவார்கள், பதிலுக்கு நம் பொறியாளர்கள் அங்கே போய் மொத்தம் 100 ஆள்-ஆண்டு வேலை செய்து கொடுப்பார்கள். பணத்துக்குப் பதில் உழைப்பு. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவர். அதிலிருந்து வந்ததுதான் விகாஸ், சுமார் 80 டன் தள்ளுவிசை. பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி இரண்டிலும் இரண்டாம் அடுக்கு அதுதான். எல்விஎம்3ல் இரண்டு விகாஸ் சேர்ந்து எரிகின்றன.

விகாஸ் கிரையோஜெனிக் இன்ஜின் அல்ல. சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருக்கும் ரசாயனங்களை எரிப்பது அது. சுவரொட்டிகளில் இந்த இரண்டையும் குழப்பாத ஆளைப் பார்ப்பது அபூர்வம்.

கிரையோஜெனிக் திட்டத்திலும் அவர் இருந்தார். 1991ல் சோவியத் ரஷ்யாவின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்தோடு இன்ஜினும் நுட்பமும் சேர்த்து வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 1992ல் அமெரிக்கா தடை விதித்தது. 1993ல் ரஷ்யா, செய்த அடுக்குகளைத் தருகிறோம், செய்யும் வித்தையைத் தர முடியாது என்று பின்வாங்கியது. 1994ல் சொந்தமாகச் செய்யும் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் உளவு வழக்கில் நம்பி நாராயணன் கைதானார். வழக்கு பொய் என்று சிபிஐ 1996ல் சொன்னது. 2018ல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019ல் பத்ம பூஷண். அவர் அட்டையில் வழக்கு நாலு வரி, விகாஸ் ஒரு வரி என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சந்திரயான் 1, 2, 3 மூன்றும் விகாஸ் எரிந்துதான் மேலே போயின.

சொந்த இன்ஜினுக்கு வருவோம். பெயர் சிஇ-7.5, ஏழரை டன் தள்ளுவிசை. வடிவமைப்பு ரஷ்ய வழியில் அமைந்தது. முதலில் ஒரு சின்ன அறையில் ஹைட்ரஜனை அதிகமாக விட்டுக் கொஞ்சம் எரிப்பார்கள். அந்த வாயு டர்பைனைச் சுற்றிவிட்டு, வீணாகாமல் பெரிய அறைக்குள் போய் மறுபடி எரியும். சிக்கனத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் ஒரு பாகத்தை மட்டும் தனியே ஓட்டிப் பார்ப்பது பெரும் கஷ்டம்.

சோதனை நடந்தது மகேந்திரகிரியில். ஆரல்வாய்மொழி, காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி போகும்போது மேற்கே நிற்கிறதே, அந்த மலையின் அடிவாரம். 2007 நவம்பரில் முழு அடுக்கையும் கட்டிவைத்து 720 நொடி எரித்தார்கள். பறக்கும்போது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அவ்வளவு நேரம். எல்லாம் சரி.

2010 ஏப்ரல் 15 அன்று சொந்த இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி-டி3 கிளம்பியது. 304.9ஆவது நொடியில் இன்ஜின் பற்றியது. பூஸ்டர் பம்பு நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை ஏறியது. பற்றிய சற்று நேரத்தில், 0.9 நொடியில், வேகம் குறையத் தொடங்கியது. அடுத்த 0.6 நொடியில் நின்றே போயிற்று. ஹைட்ரஜன் வராமல் இன்ஜின் அணைந்து ராக்கெட் கடலில் விழுந்தது. ஆய்வுக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. ஒன்று, பம்பின் ஒரு சீல் இருக்கும் இடத்தில் தண்டு பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, அழுத்தமும் வெப்ப இறுக்கமும் கூடி டர்பைன் கூடு வெடித்திருக்கலாம். முன்னே சொன்ன இடைவெளி விவகாரம் இதுதான்.

தரையில் 720 நொடி ஓடியது மேலே இரண்டு நொடி ஏன் ஓடவில்லை? தரையில் சுற்றிலும் காற்று இருக்கிறது, மேலே வெற்றிடம். வெற்றிடத்தில் பற்றவைத்து ஓட்டிப் பார்க்கும் சோதனை அதற்கு முன் முழுமையாக நடந்திருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 25ல் ரஷ்ய அடுக்கோடு போன அடுத்த ஜிஎஸ்எல்வியும் விழுந்தது. அங்கே காரணம் இன்ஜின்கூட இல்லை, இணைப்பிகள் கழன்றதுதான்.

இந்த நிலையில், 2011ல், ஜிஎஸ்எல்வி திட்ட இயக்குநர் பொறுப்பு சிவன் கைக்கு வந்தது. சரக்கல்விளையில் 1957ல் பிறந்தவர். தமிழ்வழி அரசுப் பள்ளி, பிறகு நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியில் கணிதம். அதன் பிறகுதான் சென்னை எம்.ஐ.டி.யும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும். அவர் இன்ஜின் ஆள் அல்ல, பாதைக் கணக்கு ஆள். இதை அட்டையில் தெளிவாக எழுத வேண்டும். ராக்கெட் ஒவ்வொரு நொடியும் எங்கே இருக்கும், எந்தப் பக்கம் சாயும் என்று கணிக்கும் 'சிதாரா' என்ற மென்பொருள் அவருடைய முக்கியமான வேலை.

இன்னொன்று, ஏவும் நாளின் காற்றுக்கு ஏற்ப வழியைத் திருத்தும் முறை. முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே ஆடி மாதம் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காற்று வரும் பக்கம் வண்டியைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டுதான் நேராகப் போக முடியும். ராக்கெட்டுக்கும் அப்படித்தான். வேகமாகப் போகும்போது பக்கக் காற்று உடம்பில் அடித்தால் வளைக்கும் சுமை ஏறும், எல்லை தாண்டினால் முறியும். முன்பு அந்த மாதத்தின் சராசரிக் காற்றை வைத்துப் பாதை போடுவார்கள், அன்றைய காற்று வேறாக இருந்தால் ஏவுதல் தள்ளிப்போகும். புதிய முறையில், ஏவுவதற்கு முன் பலூன் விட்டு உயரத்துக்கு உயரம் காற்றை அளந்து, அதை வைத்தே சாய்வுத் திட்டத்தைத் திருத்தி ராக்கெட்டின் கணினியில் ஏற்றிவிடுகிறார்கள். இஸ்ரோவுக்கு ஏவுநாட்கள் கூடுதலாகக் கிடைத்ததில் இதற்குப் பெரிய பங்கு. என்னைக் கேட்டால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல் பொருந்துவது இதற்குத்தான். ஆனால் எந்தச் சுவரொட்டியிலும் இதைக் காணோம்.

ஜிஎஸ்எல்வியில் மூன்று ஆண்டுகள் பழுது பார்த்தார்கள். பூஸ்டர் பம்பின் பேரிங், கூடு ஆகியவை குளிரில் சுருங்கி விரிவதைக் கணக்கில் எடுத்து வடிவத்தை மாற்றினார்கள். பற்றவைக்கும் வரிசையைத் திருத்தினார்கள். வெற்றிடத்தில் பற்றவைக்கும் சோதனையையும் இந்தத் தடவை செய்தார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று கிளம்ப ஒரு மணி 14 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்து நிறுத்தினார்கள். கடைசியில் 2014 ஜனவரி 5, மாலை 4.18. ஜிஎஸ்எல்வி-டி5, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14ஐச் சரியான இடத்தில் கொண்டு விட்டது. 1994ல் தொடங்கியது, கணக்குப் பண்ணிப் பாருங்கள்.

சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோ தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில், 2021 ஆகஸ்ட் 12 அன்று, அதே கிரையோஜெனிக் அடுக்கு மறுபடி காலை வாரியது. இந்தத் தடவை பம்பில் குற்றமில்லை. ஹைட்ரஜன் தொட்டியின் மேலே அதிக அழுத்தத்தை வெளியே விடும் வால்வு ஒன்று உண்டு. குக்கரின் வெயிட் செய்யும் அதே வேலை. அதன் மெத்தென்ற சீல் சேதமாகிக் கசிந்திருக்கிறது. கேஸ்கெட் போன குக்கரில் விசில் வராது அல்லவா, அப்படித் தொட்டியில் அழுத்தம் ஏறவில்லை. அழுத்தம் குறைந்தால் பூஸ்டர் பம்பு தாறுமாறாக ஓடும், கணினி பயணத்தை நிறுத்திவிட்டது. சீல் ஏன் சேதமானது? வால்வு திறந்து மூடும்போதே சேதமாகியிருக்கலாம், அல்லது தூசும், குளிரில் வால்வைப் பொருத்திய இடத்தில் ஏறும் இறுக்கமும் காரணமாக இருக்கலாம் என்றது அறிக்கை. பெரிய ராக்கெட்டும் செயற்கைக்கோளும் ஒரு சீலோடு போயின. 2023 மே 29ல் அடுத்த ஜிஎஸ்எல்வி பிசகாமல் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது ஆள் வி. நாராயணன், 1964ல் மேலக்காட்டுவிளையில் பிறந்தவர். இவர் படிப்பைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். டிப்ளமோ மெக்கானிக்கல். அதை வைத்து 1984ல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே, பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. பிறகு கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக், முதலிடம். 2001ல் அங்கேயே முனைவர் பட்டம். பாலிடெக்னிக் என்றாலே முகம் சுளிக்கும் வீடுகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. 2025 ஜனவரி முதல் இஸ்ரோ தலைவர் அந்த டிப்ளமோக்காரர்தான்.

முதல் நாலரை ஆண்டு திட எரிபொருளில் இருந்துவிட்டு, பிறகு கிரையோஜெனிக்கில் முழுசாக இறங்கிவிட்டார். பெரிய பங்கு சி25 அடுக்கு, அதன் திட்ட இயக்குநர் அவர். சி25ன் இன்ஜின் சிஇ-20, 20 டன் தள்ளுவிசை. ரஷ்ய வழியை இதில் விட்டுவிட்டார்கள். டர்பைனைச் சுற்றிய வாயுவை மறுபடி எரிக்காமல் வெளியே விட்டுவிடுகிறது. சிக்கனம் கொஞ்சம் குறைகிறது, ஒப்பு உந்துவிசை 454லிருந்து சுமார் 443க்கு இறங்குகிறது. லாபம் என்னவென்றால் பம்பு தனி, எரியறை தனி என்று பிரித்துச் சோதிக்கலாம், எது கெட்டது என்று சீக்கிரம் பிடிபடும். டி3 பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கொடுக்கல் வாங்கல் புரியும். 2017 பிப்ரவரியில் மகேந்திரகிரியில் முழு அடுக்கு 640 நொடி எரிந்தது. ஜூன் 5ல் முதல் பறத்தலிலேயே 3,136 கிலோ ஜிசாட்-19ஐ ஏற்றிவிட்டது. மூத்த இன்ஜினுக்கு இருபது ஆண்டு பிடித்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2023ல் சந்திரயான்-3ம் இதே அடுக்கில்தான் போயிற்று. 2024 பிப்ரவரியில் ககன்யானில் மனிதர்களை ஏற்றும் தரத்துக்கான சோதனைகளையும் சிஇ-20 முடித்தது.

ஏன் இந்த மூவரும் இந்த மாவட்டம்? மண்ணின் ராசி என்று எழுதிவிடாதீர்கள். 1963 நவம்பர் 21ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. தும்பா காந்தப் பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிய விக்ரம் சாராபாய் அதைத் தேர்ந்தெடுத்தார். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டருக்குள்தான். 1956 வரை இரண்டும் ஒரே மாநிலம். படித்த பிள்ளைகள் வேலைக்கு வடக்கே சென்னை பார்ப்பதைவிட மேற்கே திருவனந்தபுரம் பார்ப்பது இங்கே பழக்கம்.

அட்டையில் எழுத: நம்பி நாராயணனுக்கு 'விகாஸ் திரவ இன்ஜினை இந்தியாவுக்குக் கொண்டுவந்த குழுவின் தலைவர்'. சிவனுக்கு 'ராக்கெட் பாதைக் கணிப்பு மென்பொருள், ஏவுநாள் காற்றுத் திருத்தம். சொந்த கிரையோஜெனிக் அடுக்கு முதலில் வென்ற ஜிஎஸ்எல்வி-டி5ன் திட்ட இயக்குநர்'. நாராயணனுக்கு 'சி25 கிரையோஜெனிக் அடுக்கின் திட்ட இயக்குநர்'.

மாதிரி செய்வதானால் சி25ஐயே செய்யுங்கள். அசல் 4 மீட்டர் விட்டம், சுமார் பதின்மூன்றரை மீட்டர் நீளம். இருபதில் ஒரு பங்கு என்றால் 20 செ.மீ. விட்டம், 68 செ.மீ. நீளம். எட்டு அங்குல பிவிசி பைப் துண்டு கிட்டத்தட்டப் பொருந்தும். உள்ளே ஹைட்ரஜன் தொட்டிக்கு 26 செ.மீ., ஆக்சிஜன் தொட்டிக்கு 8 செ.மீ. ஒதுக்கி இரண்டு நிறத்தில் பெயிண்ட் அடித்து, பக்கத்தில் எடையையும் எழுதுங்கள். பெரிய தொட்டியில் நாலரை டன், சின்ன தொட்டியில் இருபத்து மூன்றரை டன் என்று பார்த்ததும் ஆட்கள் நின்று கேள்வி கேட்பார்கள்.

தண்ணீரில் மின்சாரம் விட்டு ஹைட்ரஜன் பிடித்துக் கொளுத்திக் காட்டும் யோசனை வந்தால் விட்டுவிடுங்கள். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் அது பற்றும், பகலில் சுடர் கண்ணுக்கே தெரியாது. குளிரைக் காட்டத் திரவ நைட்ரஜன் கிடைத்தால் ஆசிரியர் கையாளட்டும், காற்றோட்டமான இடத்தில், முகக் கண்ணாடியும் தளர்ந்த கையுறையும் போட்டுக்கொண்டு. ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் வாயுவானால் கிட்டத்தட்ட 700 லிட்டர். மிச்சம் இருக்கிறதே என்று பிளாஸ்க்கிலோ பாட்டிலிலோ ஊற்றி மூடியைத் திருகிவிடக் கூடாது. அதற்கு வால்வு கிடையாது.